கொதிநிலை – 7: இழுத்தால் ஆவி, தள்ளினால் பெட்ரோல்

ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருப்பதைப் போன வாரம் பார்த்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் தெர்மோஸ்டாட் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அதே அழுத்தக் கணக்கு பெட்ரோல் குழாய்க்குள் தலைகீழாக நடக்கிறது என்று தெரிந்த பிறகு தெர்மோஸ்டாட்டில் மனம் ஓடவில்லை.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்கள், பானெட்டைத் திறந்துபோட்டு ஓரங்கட்டிய கார்களைப் பார்த்திருப்பார்கள். சில, ரேடியேட்டர் கொதித்து நின்றவை. சிலவற்றில் தண்ணீர் சரியாகத்தான் இருக்கும். பெட்ரோல்தான் கார்புரேட்டருக்கு வந்து சேராது. டிரைவர் பதறமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப்மேல் சுற்றிவிட்டு பீடியைப் பற்றவைப்பார். துண்டு காயக் காயப் பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும்.

பெட்ரோல் ஒற்றைத் திரவம் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஏறத்தாழ 35, 40 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி 200 டிகிரியை ஒட்டித்தான் முடியும். சித்திரை வெயிலே அதற்குப் பாதி அடுப்பு. அந்தக் கார்களில் டேங்க் பின்னால். பம்ப் முன்னால், அதுவும் என்ஜின் உடம்பிலேயே. கேம்ஷாஃப்ட் நெம்ப நெம்ப, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் பெட்ரோலை அவ்வளவு தூரம் உறிஞ்சி இழுக்க வேண்டும்.

சங்கதி அங்கேதான் இருக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். ரேடியேட்டர் மூடி செய்யும் உபகாரத்துக்கு நேர் எதிரான வேலை! பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. டயாஃப்ரம் அந்தக் குமிழியை நசுக்கும், விடும், மறுபடி நசுக்கும். பெட்ரோல் மட்டும் நகராது. இதுதான் வேப்பர் லாக்.

மலை ஏறினால் இன்னும் மோசம். டேங்கிலிருந்து பெட்ரோலைப் பம்ப் வரை தள்ளிக்கொடுப்பது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல்.

இன்னொரு விசித்திரம்: மூச்சுவாங்க மேடு ஏறிய வண்டி, ஐந்து நிமிடம் நிறுத்திய பிறகுதான் மக்கர் செய்யும். நிறுத்தியதும் விசிறி நின்றுவிடும், தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். என்ஜின் இரும்பில் ஏறிய சூடு மட்டும் போக்கிடம் இல்லாமல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் பரவும்.

இதையெல்லாம் அரசாங்கமும் அறியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பெட்ரோல் விதிகளில் வேப்பர் லாக்குக்கென்றே ஒரு குறியீடு உண்டு. கோடை மாதங்களுக்கு வரம்பு கூடுதல் கண்டிப்பு. நனைந்த துண்டின் வேலையில் ஒரு பங்கை சுத்திகரிப்பு ஆலை பார்க்கிறது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி இந்த வம்பே வேண்டாம் என்று இருந்தது. அதில் பெட்ரோல் பம்பே கிடையாது. பெரும்பாலான ஆண்டுகளின் வண்டிகளில் டேங்க் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக இறங்கி வரும். செங்குத்தான மேட்டில், டேங்கில் கொஞ்சமே மிச்சம் இருந்தால் கார்புரேட்டர் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் எட்டாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏற்றினார்கள். கழுத்து சுளுக்கியிருக்கும், வழியில் நிற்கவில்லை.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிவிட்டது. அங்கிருந்து, காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கில் தள்ளுகிறது. வெயில் குறையவில்லை, மலையும் தாழவில்லை. இழுத்துக்கொண்டிருந்ததைத் தள்ள ஆரம்பித்தோம், அவ்வளவே.

தெர்மோஸ்டாட் அடுத்த வாரம் நிச்சயம். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் அது?’ என்று அதைக் கழற்றிப் போடுகிற மெக்கானிக்குகளோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. என்ஜின் சூடேறாமலே ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும் என்பது என் தரப்பு.