கிளிப் போடும் கை எங்கே பழகும்?

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து குமிழாகப் புடைத்து வெடித்துவிட்டால், பொறுக்கமுடியாத தலைவலியோடு ஆள் சாய்ந்துவிடுவார். மண்டை ஓட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி குமிழின் கழுத்தில் உலோகக் கிளிப் போடுவதுதான் முன்பிருந்த வழி. 1990களில் காயில் வந்தது: தொடைத் தமனி வழியாக கதீட்டரை மூளைவரை செலுத்தி, குமிழைப் பிளாட்டினச் சுருளால் அடைப்பது. இரண்டுக்கும் ஏற்ற 2143 நோயாளிகளிடம் நடந்து 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் கிளிப் பிரிவில் சுமார் 31 விழுக்காடு, காயில் பிரிவில் 24. ஆகவே காயில் பரவியது சரிதான். ஆனால் எளிய குமிழ்கள் அந்தப் பக்கம் போக, ஆபரேஷன் தியேட்டருக்கு வருபவை பெரும்பாலும் சிக்கலானவை. அவற்றை மூத்த மருத்துவரே செய்வார், நரம்பு அறுவையில் எம்.சிஎச். படிப்பவர் அருகில் நின்று பார்ப்பார். எளியதில் கைபழகாதவர் கடினமானதை எப்படித் தொடுவார்?

பழைய முறை போகட்டுமே என்பார்கள். போகாது. வெடித்த குமிழோடு பெரிய இரத்தக்கட்டியும் மூளையை அழுத்தினால் மண்டையைத் திறந்தே ஆகவேண்டும். நடுமூளைத் தமனி பிரியும் இடத்துக் குமிழ்கள் அந்த ஆய்வில் குறைவு. அவற்றுக்கு இன்றும் பலர் கிளிப்பையே நாடுகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரில் ஒருவர் நள்ளிரவில் சாய்ந்தால் 108 வண்டி அரியலூருக்கோ, தஞ்சாவூர், திருச்சிக்கோதான் ஓடவேண்டும். ஆஞ்சியோ அறை, காயில் போடத் தெரிந்தவர், விலையுயர்ந்த காயில் மூன்றும் அந்நேரத்தில் ஒருசேர அமையாவிட்டால், பணியிலிருக்கும் இளம் மருத்துவரின் கைதான் மிச்சம்.

கோழி இறக்கைத் தமனியிலும் பிரசவத்தில் வெளியேறும் நஞ்சிலும் பயிலலாம் என்பது உண்மை. அதற்கான ஆய்வகம் எல்லா மருத்துவக் கல்லூரியிலும் வேண்டும். வீங்கிய மூளையைக் காயப்படுத்தாமல் ஒதுக்கும் பக்குவம் மட்டும் அங்கே வராது. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னையில் பி.ராமமூர்த்தியும் தொடங்கிய நரம்பு அறுவைத் துறைகளில் ஒரே இடத்தில் குவிந்த நோயாளிகளே ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்களை உருவாக்கினர். இன்றும் வெடிக்காத குமிழ்களுக்கான கிளிப் சிகிச்சையைச் சில அரசு மையங்களில் குவித்து, மற்றக் கல்லூரி மாணவர்களைச் சில மாதங்கள் அங்கே அனுப்பலாம். நோயாளி அலைய வேண்டாமா என்றால், நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு மட்டும்தான் அந்த அலைச்சல், அவசரத்துக்கு அல்ல. போக்குவரத்துச் செலவை அரசு ஏற்கட்டும். தேர்வுக்கு வரும் ஒவ்வொருவரும் தன் கையால் எத்தனை கிளிப் போட்டார் என்று மருத்துவப் பல்கலைக்கழகம் கேட்க வேண்டும்.