போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேர்கிறதா?

"ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா வீசினேன். பத்து நாள் பச்சை கட்டியது, திரும்ப வெளுத்துவிட்டது. இன்னொரு மூட்டை போடலாமா?" சம்பா நடவு முடிந்ததும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. போட வேண்டாம் என்பதே என் பதில்.

நெல் வயலில் இடும் 100 கிலோ தழைச்சத்தில் 30 முதல் 40 கிலோவைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பங்கு தேங்கிய நீரிலிருந்து அம்மோனியாவாக ஆவியாகிறது. ஒரு பங்கை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்ற, அது நீரோடு கீழே இறங்கியோ வாயுவாகியோ வீணாகிறது. மூட்டைக் கணக்கில் கூட்டிப் போட்டால் பயிர் கொழுத்து, இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் குலைநோயும்தான் வந்து சேரும். மழைக்குச் சாய்ந்தும் போகும்.

யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து பாருங்கள். அதாவது 25 கிலோ யூரியாவுக்கு 20 கிலோ ஜிப்சம், 5 கிலோ தூளாக்கிய புண்ணாக்கு. முதல் நாள் மாலை நிழலில் கலந்து ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் வீச வேண்டும். நாள்கணக்கில் வைத்தால் நீர்த்துப்போகும். வீசும்போது வயலில் தண்ணீர் சீராகக் குறைவாக இருக்கட்டும். இலையில் பனி காய்ந்த பிறகே வீசுங்கள்.

"இப்போது வருவதே வேம்பு பூசிய யூரியாதானே?" என்பீர்கள். உண்மைதான், 2015 முதல் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. புண்ணாக்கு அதற்குத் துணை நிற்பதோடு தன்னிடமுள்ள சத்தையும் மெல்ல விடுகிறது. ஜிப்சத்தில் சுண்ணாம்புச்சத்தும் கந்தகச்சத்தும் கிடைக்கின்றன.

எப்போது போடுவது என்பதை இலை வண்ண அட்டை சொல்லட்டும். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று பத்து இலைகளைப் பாருங்கள். மேலிருந்து முழுதாய் விரிந்த முதல் இலையைத்தான் பார்க்க வேண்டும். ஆறு இலைகளாவது 4ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் மட்டும் ஏக்கருக்கு மேற்சொன்ன 25 கிலோ. வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண்.

அடுத்த பட்டத்துக்கு இப்போதே தக்கைப்பூண்டு விதை தேடுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்; அதற்குமேல் விட்டால் தண்டு நாரேறி மக்க நாளாகும். தொழு உரமும் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோலைப் பச்சையாக உழுது உடனே நட்டவர்களுக்குத்தான் பயிர் அதிகம் வெளுக்கிறது. வைக்கோலை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிச்சமிருக்காது.

புண்ணாக்கு வாங்கும்போது ஒரு கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கசப்பு வாடை இல்லாமல் மண் வாடை அடித்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.