ஹாக்கி மட்டையில் கார்பன் இழை

ஹாக்கி மட்டை என்றாலே மல்பெரி மரம் என்றிருந்த நிலை 1990களில் மாறத் தொடங்கியது. செயற்கை இழைகளாலான மட்டைகளைச் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு அனுமதித்த பின்னர், உயர்நிலைப் போட்டிகளில் மர மட்டை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தைப் பெற்ற பொருள்களுள் முதன்மையானது கார்பன் இழை. எடைக் குறைவே இம்மாற்றத்திற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் விதிகளின்படி மட்டையின் எடை 737 கிராமுக்கு மேற்படலாகாது. மர மட்டைகளும் இவ்வரம்பிற்குள் அடங்கியவையே. எனவே, காரணத்தை இழையின் பிற இயல்புகளிலும் தேட வேண்டும்.

இழை உருவாகும் விதம்

பாலிஅக்ரிலோநைட்ரைல் எனும் செயற்கை இழையை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகின்றனர். பின்னர், பிராணவாயு இல்லாத சூழலில் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதனைக் கரியாக்குகின்றனர். 1960களில் ஜப்பானிலும் பிரிட்டனிலும் நடைபெற்ற ஆராய்ச்சிகள் இம்முறைக்கு அடிகோலின. இவ்வாறு கிடைக்கும் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் நீளவாக்கில் எஃகுக்கு ஈடான விறைப்புடையது.

விறைப்பின் பயன்

பந்தை அடிக்கும்போது மட்டை வளைந்தால், வீரரின் ஆற்றலில் ஒரு பகுதி வளைவிலும் அதிர்விலும் வீணாகிறது. விறைப்பான மட்டை அவ்வாற்றலில் பெரும்பகுதியைப் பந்துக்கு அளிக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் முதல் செயற்கைப் புல்தரை ஆட்டம் பரவி, ஆட்டத்தின் வேகமும் கூடிய நிலையில் இது முக்கியத்துவம் பெற்றது.

மரத்தின் இழையோட்டம் இயற்கை அளித்தது. மரத்துக்கு மரம் வேறுபடுவது. கார்பன் இழையின் திசையையோ வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம். எப்பாக்சி பிசின் தோய்ந்த இழைத்தாள்களை நீளவாக்கில் அடுக்கினால் வளைவு குறையும். சாய்வாக அடுக்கினால் முறுக்கம் குறையும். மட்டையின் உட்புறம் வெற்றிடமாக இருப்பதால், எடை எங்கு அமைய வேண்டும் என்பதையும் முடிவுசெய்யலாம்.

குறைகள்

கார்பன் இழை மட்டை பலத்த அடியால் திடீரென முறியக்கூடும். இதனைத் தவிர்க்கவே கண்ணாடி இழையும் அராமிட் இழையும் உடன் சேர்க்கப்படுகின்றன. கெட்டியான எப்பாக்சி பிசினை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. ஆதலின் உடைந்த மட்டையை மறுபயன்பாட்டுக்குக் கொணர்வது கடினம். விலையும் அதிகம்.

கைவினைஞர் நிலை

1947இல் நாடு பிரிவினையுற்றபோது சியால்கோட்டிலிருந்து குடிபெயர்ந்தோரால் வளர்ந்தது ஜலந்தரின் விளையாட்டுப் பொருள் தொழில். மல்பெரியைத் தேர்ந்தெடுப்பது, நீராவியில் வளைப்பது, பிரம்புக் கைப்பிடியைப் பொருத்துவது ஆகியவையே மட்டை செய்வோரின் திறன். புதிய மட்டைக்கு வேண்டுவன அச்சு, வெப்ப உலை, பிசின் அளவில் துல்லியம், சோதனைக் கருவி ஆகியன. இவற்றைச் சிறு பட்டறை தனித்து வாங்குவது அரிது.

எனவே, பொதுச் சோதனைக்கூடம், தொழிற்பயிற்சி, அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசியினின்று தொழிலாளரைக் காக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இணைந்து அமைதல் வேண்டும். பொருள் மாறும்போது கைத்திறனும் உடன் மாற வழி செய்யாவிடில், வளர்ச்சியின் பயன் கைவினைஞரைச் சென்றடையாது.