தறி கட்டிய வீடு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே பிள்ளையார்பாளையத்திலும் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கல்லை அண்ணாந்து பார்க்கிற கண்கள், பக்கத்துத் தெரு ஓட்டு வீடுகளில் ஒரு நொடி கூட நிற்பதில்லை. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம்.

மிச்சமிருக்கும் பழைய நெசவாளர் வீடு ஒன்றில் தலை குனிந்து நுழைந்து பாருங்கள். வாசலில் திண்ணை, தார் சுற்றும் பெண்களுக்கு அதுதான் பட்டறை. உள்ளே நீளமான கூடம். பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை, விறைப்பாக இழுத்துக் கட்ட இடம் வேண்டுமே, அதனால் வந்த நீளம். கோர்வைப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரு கரைக்கும் உடலுக்குமாக, குறுக்கிழை கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடும். நாடாவை வாங்கிப் போட இன்னொருவர் கூட உட்கார வேண்டும். கூடத்தின் அகலத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

நடுவே தறிக்குழி. தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார் நெசவாளர். மண்ணின் குளுமை ஏறுவதால் இழை காய்ந்து அறுவது குறையும். சுவரில் ஒரு ஜன்னல், முழங்கால் உயரத்தில். நின்று பார்த்தபோது ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள் என்று புரியவில்லை. குழியோரம் உட்கார்ந்தேன், வெளிச்சம் நேராக இழைமேல் விழுந்தது. மேலே பனங்கைகள், நாட்டு ஓடு, நடுவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. தூண்கள் மண்ணில் படாமல் கல்லின் மேல் நிற்கின்றன. ஈரமும் கறையானும் எளிதில் ஏறாது. குழியின் விளிம்பில், கை ஊன்றி எழும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. தடவிப் பார்த்தேன், அத்தனை மென்மை.

வீடு வாசற்படியோடு முடிவதும் இல்லை. விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டி இழை சரிபார்ப்பார்கள். தெரு நேராக ஓடுவதன் அருமை அப்போது தெரியும்.

குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறும், தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரையின் கீழ் பட்டு நெய்து பார்த்தால்தான் அந்தக் கவலை புரியும்.

ஆனால், 2005-06ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பட்டு பிறந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது? முட்டுக்காடு தட்சிணசித்ராவில், 1996ல் திறந்த அந்த மரபு அருங்காட்சியக வளாகத்தில், காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம். ஆனால் இங்கே பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடும் வீட்டில் ஓடு மாற்றவும் குழிக்குள் நீர் ஊறாமல் கட்டித் தரவும் உதவி வேண்டும். அதுவும் அடுத்த ஐப்பசிக்குள்.