கையில் மிஞ்சும் சீட்டு

சீட்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் வங்கியில் பணிபுரியும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலச்சீட்டு. அடுத்து வருவது, வீட்டுப் பெரியவர்கள் வாசற்படி ஏறவிடாத ரம்மிக் கட்டு. இக்கட்டுரை அவ்விரண்டைப் பற்றியதும் அன்று. ராஜாவும் ராணியும் இல்லாத, பணம் வைத்து ஆடப்படாத, பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில் அமர்ந்து ஆடக்கூடிய ஊனோ என்னும் வண்ணச் சீட்டு ஆட்டத்தைப் பற்றியது.

மூன்றாண்டுக்கொருமுறை பெட்டி கட்டும் எங்களைப் போன்றோரின் குடியிருப்புகளில் இவ்வாட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மதுரையிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகி வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இந்தி தெரியாது. எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் சிவப்பின்மேல் சிவப்பு, ஏழின்மேல் ஏழு என்பதற்கு மொழி வேண்டியதில்லை. முதல் மாலையிலேயே இருவரும் எதிரெதிரே அமர்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் மாலையில் சண்டை வருகிறது. ஏனெனில் மாடிக்கு மாடி விதி வேறு. ‘எங்கள் வீட்டில் இப்படித்தான்’ என்று ஒவ்வொருவரும் சொல்ல, பெட்டியோடு வந்த விதித்தாளோ உறையைப் பிரித்த அன்றே குப்பைக்குப் போயிருக்கும். பத்திரத்தில் எழுத்துப் பொடியாக இருக்கும் இடத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். அந்த வழக்கத்தில் இந்த விதித்தாளையும் படித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வீடுகளில் வழக்கொழிந்துபோன விதிகளில் பல, பந்தியில் இருக்கும் சிறிய பிள்ளைக்குக் காப்பாக இருப்பவை.

ஆட்டத்தின் பிறப்பே ஒரு விதித் தகராறில்தான் என்கிறார்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டியை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் முடிதிருத்தகம் நடத்தியவர் மெர்ல் ராபின்ஸ். சாதாரணச் சீட்டுக் கட்டில் ஆடப்படும் ‘கிரேசி எய்ட்ஸ்’ ஆட்டத்தில் எந்தச் சீட்டு என்ன செய்யும் என்பதில் அவருக்கும் அவர் மகன் ரேவுக்கும் வாக்குவாதம் எழுந்தது. செயலைச் சீட்டின் மீதே அச்சிட்டுவிட்டால் வாதத்துக்கு இடமில்லை என்று கருதி, 1971-ஆம் ஆண்டு புதிய கட்டொன்றை வடிவமைத்தார். குடும்பத்தார் 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டுகள் அச்சிட்டனர். கட்டுக்கு ஒரு டாலர் அறுபது செண்ட் அடக்கம். முதல் விற்பனை அவருடைய முடிதிருத்தகத்திலேயே நடந்தது. பின்னர் இல்லினாய் மாநிலம் ஜோலியட் நகரைச் சேர்ந்த ராபர்ட் டெஸாக் உரிமையை வாங்கினார். அவர் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தியவர். விலை 50,000 டாலர் ரொக்கம். அதற்குமேல் விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் 10 செண்ட். வணிகவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பார்கள். ஐந்து லட்சம் கட்டுகள் விற்றாலே அந்தப் பத்து செண்ட், ரொக்கத்துக்கு இணையாகிவிடும். ரொக்கத்தைவிட அந்தச் சிறு வரியே பேரத்தில் கனமானது என்பது எங்கள் கருத்து. 1992-இல் மேட்டல் நிறுவனம் இவ்வாட்டத்தை வாங்கியது. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அந்நிறுவனத்தின் கட்டே.

கையிலுள்ள சீட்டுகளைக் கழித்து முடிப்பதே குறிக்கோளாக உள்ள ஆட்டங்கள் நமக்குப் புதியவையல்ல. நம் வீடுகளில் ஆடும் ‘கழுதை’யும், பஞ்சாபியர் ஆடும் ‘பாபி’யும் அந்த இனமே. கடைசியில் சீட்டோடு நிற்பவர் அங்கே கழுதை, இங்கே அண்ணி! ஊனோவில் புதிது, சில சீட்டுகள் பிறரை நேரடியாகத் தாக்கும் என்பது.

முதலில் கையிருப்பைக் கணக்கிட்டுக்கொள்வோம். பழைய, வழக்கமான கட்டில் 108 சீட்டுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் பூச்சியம் ஒன்று. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆக எண் சீட்டுகள் மொத்தம் 76. ஒவ்வொரு நிறத்திலும் ஸ்கிப், ரிவர்ஸ், டிரா டூ ஆகியவை இரண்டிரண்டாக 24. நிறமற்ற கறுப்புச் சீட்டுகள் எட்டு: வைல்ட் நான்கு, வைல்ட் டிரா ஃபோர் நான்கு. பிள்ளைகள் இவற்றைப் ‘பிளஸ் டூ’, ‘பிளஸ் ஃபோர்’ என்பார்கள்; நாமும் அப்படியே சொல்வோம்.

எண் சீட்டுக்கு அதன் எண்ணே புள்ளி. செயல் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 20, கறுப்புச் சீட்டுக்கு 50. முழுக் கட்டையும் கூட்டினால் 1,240 புள்ளிகள் வருகின்றன. இதில் 76 எண் சீட்டுகளின் பங்கு 360 மட்டுமே. மீதி 880 புள்ளிகளும் 32 சிறப்புச் சீட்டுகளில் அடங்கியுள்ளன. எண்ணிக்கையில் பத்தில் மூன்று பங்கு, மதிப்பில் பத்தில் ஏழு பங்கு. இந்தப் புள்ளிகள் யாருக்கு வரவு, யாருக்குப் பற்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஆட்டம் எளிது. இருவர் முதல் பத்துப் பேர் வரை ஆடலாம். ஆளுக்கு ஏழு சீட்டு. மீதியைக் கவிழ்த்து வைத்து, மேல்சீட்டை மட்டும் திறந்து வைக்க வேண்டும். (திறந்தது பிளஸ் ஃபோர் என்றால் அதைக் கட்டுக்குள் திருப்பிவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும்; யாரும் தொடங்கும் முன்னரே அடி வாங்கக் கூடாது அல்லவா?) பகிர்ந்தவருக்கு இடப்புறம் இருப்பவர் தொடங்குவார். திறந்த சீட்டின் நிறம், எண், குறி இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தும் சீட்டை இறக்கலாம். வைல்ட் எதன்மீதும் இறங்கும். இறக்கியவர் நிறத்தை அறிவிப்பார். ஸ்கிப் அடுத்தவரின் முறையைத் தாண்டிச் செல்லும். ரிவர்ஸ் சுற்றின் திசையைத் திருப்பும். பிளஸ் டூ அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்கச் செய்து, முறையையும் பறிக்கும்.

வழக்கு தொடங்கும் இடம் இதுதான். பிளஸ் டூவுக்கு மேல் இன்னொரு பிளஸ் டூ போட்டுத் தண்டனையை அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம் என்பது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் நிலவும் நம்பிக்கை. விதித்தாளில் அப்படியொன்று கிடையாது. 2019-ஆம் ஆண்டு சமூக ஊடகத்தில் இக்கேள்வி எழுந்தபோது, அடுக்கக் கூடாது என்று ஊனோவின் கணக்கிலிருந்தே விடை வந்தது. தங்கள் வீட்டு வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் அதற்கும் மறுப்பு எழுதினார்கள். நாங்கள் விதித்தாளின் பக்கமே. நான்கு பேர் தொடர்ந்து பிளஸ் டூ அடுக்கினால் ஐந்தாமவர் எட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். அந்த ஐந்தாமவர் பெரும்பாலும் யார்? சிறப்புச் சீட்டைச் சேமித்து வைக்கும் சூட்சுமம் அறியாமல், வந்தவுடன் எல்லாவற்றையும் ஆசையாய் இறக்கிவிட்ட ஆறு வயதுப் பிள்ளை. மற்றவர்கள் சிரிக்க, அது எழுந்து உள்ளே போய்விடுகிறது. அடுத்த முறை அழைத்தாலும் வருவதில்லை.

இறக்கச் சீட்டு இல்லாவிட்டால் பொருந்தும் சீட்டு கிடைக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அத்தகைய வீட்டுச் சட்டமே. விதித்தாள் சொல்வது ஒரே ஒரு சீட்டு. எடுத்தது பொருந்தினால் அப்போதே இறக்கலாம். இல்லையேல் முறை அடுத்தவருக்குப் போகும். கையில் பொருந்தும் சீட்டு இருந்தும் இறக்க விருப்பமில்லாதவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தபின் பழைய சீட்டை இறக்க இயலாது. எடுத்துக்கொண்டே இருக்கும் வீடுகளில் பன்னிரண்டு, பதினைந்து சீட்டுகளை விரல்களில் அடக்க முடியாமல் ஒரு பிள்ளை தவிப்பதைப் பார்க்கிறோம். ஒரு சீட்டு விதியில் அத்தவிப்பு பெரும்பாலும் நேர்வதில்லை. ஆட்டமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிகிறது.

இனி, ஆட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பிளஸ் ஃபோர் சீட்டை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. திறந்த சீட்டின் நிறத்தில் ஒரு சீட்டுகூடக் கையில் இல்லாதபோது மட்டுமே அதை இறக்கலாம். நிறம்தான் தடை, எண் தடையில்லை. மேலே நீல 6 இருக்கிறது. உங்களிடம் நீலம் இல்லை, பச்சை 6 இருக்கிறது என்றால் பிளஸ் ஃபோர் இறக்குவது முறையே. ஏழு சீட்டுப் பகிரும்போது உங்கள் கைக்கு ஒரு பிளஸ் ஃபோராவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 24. நான்கு பகிர்வுக்கு ஒருமுறை என்று கொள்ளலாம். ஆகவே இவ்விதி அரிதாகத் தேவைப்படும் ஒன்றன்று.

கையிலுள்ள சீட்டு பிறருக்குத் தெரியாது. நீலத்தை வைத்துக்கொண்டே ஒருவர் பிளஸ் ஃபோர் இறக்கினால் யார் கண்டார்? இதற்குத்தான் சவால் என்னும் ஏற்பாடு. தண்டனைக்கு ஆளானவர் சவால் விடலாம். உடனே இறக்கியவர் தம் கைச்சீட்டுகளைச் சவால் விட்டவருக்குக் காட்ட வேண்டும். நிறம் இருந்தால் நான்கு சீட்டும் இறக்கியவரே எடுக்க வேண்டும். இல்லையெனில் சவால் விட்டவர் நான்கோடு இரண்டும் சேர்த்து ஆறு எடுக்க வேண்டும். ஐயுற்றதற்கு விலை இரண்டு சீட்டு. பொய்த்ததற்கு விலை நான்கு.

கணக்கில் விருப்பமுள்ள வாசகர்களுக்கு ஒன்று சொல்வோம். சவால் விடாவிட்டால் நான்கு நிச்சயம். சவால் தோற்றால் கூடுதலாக இரண்டு. வென்றால் நான்கும் மிச்சம். எனவே எதிராளி விதியை மீறியிருக்கக் கூடிய வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று தோன்றினாலே, உங்கள் கைச்சீட்டு அளவில் சவால் ஆதாயமானது. முறை பறிபோகாமல் இருப்பதும், எதிராளிக்கு நான்கு ஏறுவதும் இக்கணக்கில் சேராத உபரி. எதிராளியிடம் இருப்பது இரண்டே சீட்டு என்றால் ஐயத்துக்கு இடம் குறைவு; ஒன்பது சீட்டு வைத்திருந்தும் நீலமே இல்லை என்பாராயின் நம்புவது கடினம். சற்று முன்னர்தான் அவர் நீலம் இல்லாமல் கட்டிலிருந்து எடுத்தார் என்பதைக் கவனித்திருந்தால் மதிப்பீடு மீண்டும் மாறும். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் செய்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை என்று சகப் பணியாளர் ஒருவர் சொல்வதுண்டு. எங்களுக்கு அது சற்று மிகையாகப் படுகிறது. விண்ணப்பதாரர் ஆவணங்களையாவது முன்கூட்டிக் காட்டுகிறார்.

சவாலை எடுத்துவிட்ட வீடுகளில் பிளஸ் ஃபோர் வெறும் அதிர்ஷ்டச் சீட்டாகிவிடுகிறது. கிடைத்தவர் அடிப்பார், அடுத்தவர் வாங்குவார். சவால் இருக்கும் வீட்டில் அதே சீட்டை இறக்கும்போது இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. அண்ணனின் கண்ணைப் பார்த்து, ‘காட்டு’ என்று தங்கை சொல்லும் துணிவு அந்த விதி கொடுத்தது.

ஒற்றைச் சீட்டு மிஞ்சும்போது ‘ஊனோ’ என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் அச்சொல்லுக்கு ஒன்று என்று பொருள். சொல்ல மறந்ததை, அடுத்தவர் தம் முறையைத் தொடங்கும் முன் யாரேனும் கண்டுபிடித்தால் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். அதன்பின் கண்டுபிடித்தால் பயனில்லை. காலவரம்பு கடந்த உரிமைக் கோரிக்கைதான்.

இப்போது புள்ளிக்கு வருவோம். முதலில் முடித்தவர் வென்றார் என்று சொல்லிச் சீட்டைக் கலைத்துவிடுவது பெருவழக்கு. உண்மையில் அங்கேதான் கணக்கு எழுத வேண்டும். மற்றவர்களின் கையில் மிஞ்சிய சீட்டுகளின் புள்ளிகள் அனைத்தும் வென்றவருக்கு வரவு. ஒருவரிடம் சிவப்பு 7, மஞ்சள் 9, ஒரு ஸ்கிப் என 36; இன்னொருவரிடம் பிளஸ் ஃபோரும் பச்சைப் பூச்சியமும் என 50; மூன்றாமவரிடம் பிளஸ் டூ, 3, 5 என 28. ஆக 114. முடித்தவர் கடைசியாக இறக்கியது பிளஸ் டூவோ பிளஸ் ஃபோரோ என்றால், அடுத்தவர் அந்தச் சீட்டுகளை எடுத்த பிறகே கணக்கை மூட வேண்டும். முதலில் 500 எட்டுபவர் ஆட்டத்தை வெல்வார்.

புள்ளி எழுதத் தொடங்கியவுடன் ஆட்டத்தின் தன்மையே மாறுகிறது. புள்ளி இல்லாதபோது பிளஸ் ஃபோர் கையில் இருப்பது செல்வம். கடைசிவரை பூட்டி வைக்கலாம். புள்ளி வந்தபின் அது ஐம்பது ரூபாய்ப் பொறுப்பு. பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு சீட்டுதான் இருக்கிறது என்று தெரிந்தவுடன், கறுப்புச் சீட்டை வைத்திருப்பவருக்குக் கை சுடத் தொடங்கும். பூட்டி வைப்பதா, முதலிலேயே செலவிடுவதா என்று ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியிருக்கிறது. ஆசையாய் எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவிட்ட ஆறு வயதுப் பிள்ளை தோற்றாலும் மூன்று, நான்கு புள்ளியோடு தப்பும். சேமித்துவைத்த மாமா நூறு புள்ளி கொடுப்பார். ஒவ்வொருவரும் தம் கையில் மிஞ்சியதைத் தம் பெயரிலேயே எழுதிவந்து, எவரேனும் 500 எட்டும்போது குறைந்த தொகை உள்ளவர் வென்றார் எனக் கொள்ளும் மாற்று முறையும் விதித்தாளில் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது. நோட்டில் கூட்டல் போடும் பொறுப்பை அவர்களிடமே விடலாம்.

நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காகக் குறியீடுகள் சேர்த்த கட்டு 2017-இலும், பிரெய்ல் பொறித்த கட்டு 2019-இலும் வெளிவந்துள்ளன. சிவப்பையும் பச்சையையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளை கவனமில்லாமல் ஆடுகிறது என்று கடிந்துகொள்ளும் முன், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பகலில் தாத்தாவும் பாட்டியும் மட்டுமே இருக்கும் வீட்டிலும் கட்டைத் திறக்கலாம். இருவர் ஆட்டத்தில் திசை மாறுவதற்குப் பொருளில்லை. ஆகவே ரிவர்ஸ், ஸ்கிப்பைப் போலவே செயல்படும். இறக்கியவருக்கே மறுமுறையும் வாய்ப்பு வரும். பாட்டியிடம் இரண்டு ரிவர்ஸ் சேர்ந்துவிட்டால் தாத்தா காப்பி ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.