கண்ணாடியில் ஓர் ஆறுதல்

குழந்தைகளே! 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. உங்கள் வயதுதான்!

செய்தி கேட்டுத் துடித்துப்போனார், கடல் கடந்த வேல்ஸ் நாட்டுக் கண்ணாடி ஓவியர் ஜான் பெட்ஸ். தேவாலயத்துக்குப் புதிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்து தர முன்வந்தார். செலவுக்கு ஒரு நாளிதழ் நிதி திரட்டியது. பணக்காரர் ஒருவரே மொத்தத்தையும் கொடுத்துவிட்டால்? அது எல்லாருடைய பரிசாகாதே! எனவே, ஒருவர் அரை கிரவுன் நாணயத்துக்கு மேல் தரக்கூடாது என்றார்கள். சிறுவர்களும் காசு கொடுத்தனர்.

1965இல் ஜன்னல் தயாரானது. அதில் கைவிரித்து நிற்கும் இயேசு கறுப்பினத்தவர். ஒரு கை அநீதியைத் தடுக்கிறது. மறு கை மன்னிப்பை அளிக்கிறது.

எங்கோ நடந்த அநீதி நமக்கெதற்கு என்று அந்தச் சிறுவர்கள் ஒதுங்கவில்லை. நீங்களும் ஒதுங்காதீர்கள்!