காரில் இருப்பது எஸ்கேப் கீ அல்ல!

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாத கம்ப்யூட்டர்கள் இன்றைய கார்களில் பல உள்ளன. என் நண்பர் ஒருவர் பின் சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டிற்கு அதில் சென்றபோது, டாஷ்போர்டில் உள்ள "இஎஸ்சி ஆஃப்" பட்டனைக் காட்டி, "இது கீபோர்டில் உள்ள எஸ்கேப் கீ மாதிரியா?" என்று கேட்டார். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வேலை நேர் எதிர். எஸ்கேப் கீ நம்மைச் சிக்கலிலிருந்து வெளியே கொண்டு வரும். இந்தப் பட்டனோ நமக்கு இருக்கும் பாதுகாப்பை நிறுத்திவிடும்.

பின் சக்கர இயக்கம் என்றால் என்ன?

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்களே காரை இழுக்கின்றன, திருப்புவதும் அவைதான். வளைவில் வேகம் கூடினால் காரின் முன்பக்கம் வெளியே ஓடும். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

பின் சக்கர இயக்கத்தில் முன் சக்கரங்கள் திருப்ப, பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. அம்பாசடர் கார் இந்த வகைதான். ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் சக்தி மிக அதிகம் என்பதால், வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வழுக்கி வெளியே வீசும். அப்போது பயந்து சட்டென்று காலை எடுத்தாலோ, பிரேக் அடித்தாலோ எடை முன்னால் சாய்ந்து, பின் சக்கரங்களின் பிடிப்பு இன்னும் குறையும். மலையிலிருந்து இறங்கும்போது எடை ஏற்கெனவே முன்னால்தான் இருக்கும். எனவே ஏறுவதைவிட இறங்குவதில்தான் கூடுதல் கவனம் தேவை.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

இஎஸ்சி என்பது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த வசதி 1995ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் அறிமுகமானது. இஎஸ்பி, டிஎஸ்சி, விஎஸ்சி எனப் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

நம் கம்ப்யூட்டரைப் போலவே இதற்கும் மூன்று நிலைகள் உண்டு.

இன்புட்: ஒவ்வொரு சக்கரத்தின் வேகம், ஸ்டீயரிங் திரும்பிய அளவு, கார் சுழலும் வேகம் ஆகியவற்றை சென்சார்கள் அனுப்புகின்றன.

பிராசசிங்: நீங்கள் போக நினைக்கும் திசையும் கார் உண்மையில் போகும் திசையும் ஒன்றா என்று ஒரு நொடிக்கு 25 முறை ஒப்பிடப்படுகிறது.

அவுட்புட்: பின்பக்கம் வீசினால், வளைவின் வெளிப்புறம் உள்ள முன் சக்கரத்திற்கு மட்டும் பிரேக் போட்டு, எஞ்சின் சக்தியையும் குறைக்கிறது. தனி ஒரு சக்கரத்திற்குப் பிரேக் போடுவது நம் காலால் முடியாத காரியம்.

ஆனால் மின்சாரம் இல்லாமல் எந்த கம்ப்யூட்டரும் இயங்காதது போல, டயருக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் இதனாலும் பயன் இல்லை. தேய்ந்த டயர், மணல், ஈரமான இலைகள் ஆகியவற்றை எந்த சாப்ட்வேரும் சரி செய்யாது.

பழகும்போது கவனிக்க வேண்டியவை

1. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர் பாதையில் குறைத்துவிடுங்கள்.

2. வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேராகத் திரும்பத் திரும்ப, ஆக்சிலேட்டரைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். கம்ப்யூட்டர் கேமில் அம்புக்குறி கீயை அழுத்துவதும் விடுவதும்தான் உண்டு. காரில் அப்படி ஓட்டக் கூடாது.

3. இறக்கத்தில் கியரைத் திடீரென்று குறைக்காதீர்கள். எஞ்சினின் தடை பின் சக்கரங்களில் மட்டும் விழுந்து அவை வழுக்கலாம். இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறிக் கொள்ளுங்கள்.

4. பின்பக்கம் வீசினால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள்.

5. டாஷ்போர்டில் வழுக்கும் காரின் படம் கொண்ட விளக்கு மின்னினால், கம்ப்யூட்டர் உங்களைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள்.

வேகம் வேண்டும் என்பதற்காக ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு யாரும் இன்டர்நெட்டில் உலவுவதில்லை. மலைப் பாதையில் இஎஸ்சியை நிறுத்துவதும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் ரீஸ்டார்ட் செய்யலாம். வளைவில் அந்த வசதி கிடையாது.